கம்பியில்லா வலைக்குக் காவல்



வானொலி நிலையத்திலிருந்து புறப்படும் அலைக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்னும் வேற்றுமை கிடையாது. பருத்தித்துறையிலே விறாந்தையிற் சாய்ந்திருப்பவருக்கும், மட்டக்களப்பிலே கடை நடத்துபவருக்கும், ஹற்றனிலே தேயிலை மலையினின்று இறங்கி வருபவருக்கும் அது ஒரே வேளையில் ஒரே செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. பெட்டியைத் திருகியவரெல்லாம் கேட்கலாம். வானொலியின் பெருமையே அதிலேதான் இருக்கின்றது. இன்று நம்மிற் பலருடைய வீடுகளில், ஒரு மூலையிலே சிறு விளக்குகள் மினுங்க அமர்ந்திருக்கும் ரவுட்டர் என்னும் பெட்டியும் வானொலி அலையைத்தான் வீசுகின்றது. ஆனால், அவ்வலை சுமந்து செல்லும் செய்தி எல்லோருக்கும் உரியதன்று. வங்கிக் கணக்கின் விபரம், வைத்தியரின் அறிக்கை, வெளிநாட்டிலுள்ள மகன் தாய்க்கு எழுதும் கடிதம், மாணவரின் புள்ளிப் பட்டியல் என்பன அதிலே போய்வருகின்றன. எல்லோருக்கும் கேட்கும் வழியிலே ஒருவருக்கு மட்டும் உரிய செய்தியை எவ்வாறு அனுப்புவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வீட்டுக் கம்பியில்லா வலையமைப்பு, அதாவது நாம் வைபை என்று வழங்குவது, பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அல்லது 5 கிகாஹேர்ட்ஸ் அளவான அலைகளைப் பயன்படுத்துகின்றது. முந்தியது சற்றுத் தொலைவு செல்லும். பிந்தியது விரைவு கூடியது, ஆயின் சுவர்களிலே பெரிதும் தேய்ந்துபோகும். எவ்வாறாயினும், நம் வளவின் எல்லை எதுவென்று இவ்வலைகளுக்குத் தெரியாது. காணி உறுதியில் எழுதிய நான்கு எல்லைகளையும் அவை மதிப்பதில்லை. கிடுகு வேலியைக் கடந்து, படலையைக் கடந்து, ஒழுங்கையிலே நிற்பவனுடைய கைத்தொலைபேசியையும் அவை போய்த் தொடும். நல்ல திசையுணர் அலைவாங்கி ஒன்றை வைத்திருப்பவன் இன்னும் தொலைவில் இருந்தவாறே அவற்றைப் பற்றிக்கொள்ளலாம். ஆதலின், அலையை வெளியே போகாமற் தடுப்பது காவலாகாது. வெளியே போன அலை பிறர் கையிற் சிக்கினாலும் அவருக்குப் பயன்படாதபடி செய்வதே காவல்.

இவ்வுண்மையை உலகம் நெடுநாளைக்கு முன்னரே ஒரு வேடிக்கையான முறையிற் கற்றுக்கொண்டது. 1903 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இலண்டன் மாநகரிலுள்ள ரோயல் இன்ஸ்ரிரியூஷன் மண்டபத்திலே, மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைப் பேராசிரியர் பிளெமிங் மக்கள்முன் செய்து காட்டவிருந்தார். கோண்வோல் பகுதியிலுள்ள போல்டு என்னும் இடத்திலிருந்து மார்க்கோனி செய்தி அனுப்புவார். மண்டபத்திலுள்ள கருவி அதனைப் பதியும். குறித்த அலைநீளத்துக்கு இசைவிக்கப்பட்ட கருவியைத் தவிர வேறெதுவும் தம் செய்தியில் தலையிட முடியாது என்று மார்க்கோனி பெருமிதத்தோடு கூறியிருந்தார். ஆனால், குறித்த நேரத்துக்குச் சற்று முன்னரே கருவி தட்டத் தொடங்கிவிட்டது. ‘எலிகள், எலிகள்’ என்று அது மீண்டும் மீண்டும் எழுதியது. பின்னர் மார்க்கோனியை எள்ளி நகையாடும் பாட்டொன்றும் வந்தது. இந்தக் குறும்பைச் செய்தவர் நெவில் மஸ்கலின் என்னும் மந்திரவித்தைக்காரர். அருகிலிருந்த கலையரங்கு ஒன்றில் அவர் தம் கருவியை நிறுவியிருந்தார். பிளெமிங் சினந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுத, மஸ்கலின் சில நாள்களில் அதே பத்திரிகையிலே, செய்தவர் தாமே என்றும், பொதுமக்களுக்கு உண்மை தெரியவேண்டும் என்பதற்காகவே செய்ததாகவும் விடை எழுதினார். அவருடைய முறை நயத்தக்கதன்று என்பவர் சொல்லட்டும். எனினும், இசைவிப்பது ஒன்று, பூட்டுவது வேறொன்று என்பதை அவர் ஐயந்திரிபறக் காட்டிவிட்டார்.

இன்றும் அதே மயக்கம் வேறு உருவத்திலே நம்மிடையே உலவுகின்றது. வலையமைப்பின் பெயர் பிறருக்குத் தெரியாதவாறு மறைத்துவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். பெயரை மறைத்தாலும், நம் கைத்தொலைபேசி அவ்வலையோடு இணையும்போது அப்பெயரைச் சொல்லியே இணைகின்றது. காத்திருந்து கேட்பவனுக்கு அது கிடைத்துவிடும். வேறு சிலர், குறித்த கருவிகளை மட்டும் அவற்றின் எண்ணைக் கொண்டு அனுமதிக்கின்றனர். அந்த எண்ணும் மறைக்கப்படாமலே காற்றிற் செல்வதால், அதனைப் பார்த்துத் தன் கருவிக்கும் அதையே சூட்டிக்கொள்வது கடினமன்று. இவையெல்லாம் படலையிலே பெயர்ப்பலகையைக் கழற்றி வைப்பது போன்றவை.

உண்மையான பூட்டு மறைகுறியாக்கம் ஆகும். அனுப்பும் செய்தியை ஒரு திறப்பைக் கொண்டு குழப்பி அனுப்ப, அதே திறப்பை உடையவர் மட்டும் அதனை ஒழுங்காக்கிப் படிப்பது அதன் முறை. ஆயின் பூட்டிலும் நல்லதும் உண்டு, போலியும் உண்டு. கம்பியில்லா வலைக்கு 1997 இல் வகுக்கப்பட்ட முதலாவது பூட்டுக்கு டபிள்யூ.ஈ.பி. என்று பெயர். செய்தியின் ஒவ்வொரு பொதிக்கும், திறப்போடு ஒரு சிறு எண்ணைச் சேர்த்து அது மறைத்தது. அவ்வாறு சேர்க்கக்கூடிய எண்கள் மொத்தம் 1 கோடியே 67 இலட்சத்துக்குச் சற்று அதிகம். இது பெருந்தொகையாகத் தோன்றலாம். ஆனால், ஓயாது இயங்கும் வலையிலே அவை சில மணி நேரத்திலேயே தீர்ந்து, பழைய எண்களே திரும்பி வரத் தொடங்கும். 2001 ஆம் ஆண்டிலே புளூரர், மன்ரின், ஷமிர் என்னும் மூவர், காற்றிலே செல்லும் பொதிகளைப் போதிய அளவு திரட்டினால் திறப்பையே கணித்துவிடலாம் என்று நிறுவினர். அதற்குப் பின்னும் அப்பூட்டை மாற்றாதிருந்தவர் பலர். அமெரிக்காவில் பல கடைகளை நடத்திய ரி.ஜே.எக்ஸ். என்னும் பெருநிறுவனம் அவற்றுள் ஒன்று. அதன் கடையொன்றின் கம்பியில்லா வலைவழியே நுழைந்தவர்கள், குறைந்தது 4 கோடியே 57 இலட்சம் வங்கி அட்டைகளின் விபரங்களை அள்ளிச் சென்றனர் என்பது 2007 இல் வெளியாயிற்று. கடைக்குள்ளே ஒருவரும் கதவுடைத்துப் புகவில்லை.

அதன் பின் டபிள்யூ.பி.ஏ. என்னும் முறை 2003 இலும், அதன் இரண்டாம் வடிவம் 2004 இலும், மூன்றாம் வடிவம் 2018 இலும் வந்தன. உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலே இரண்டாம் அல்லது மூன்றாம் வடிவம் தெரிவுசெய்யப்பட்டிருத்தல் வேண்டும். மூன்றாவதே சிறந்தது. பழைய கருவிகள் அதனை ஏற்க மறுத்தால் இரண்டாவதை வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பூட்டு நல்லதாயிற்று. இனித் திறப்பைப் பற்றிப் பேசவேண்டும். இரண்டாம் வடிவத்தின் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துக்கள் வரை இருக்கலாம். ஒரு கருவி வலையோடு இணையும் வேளையிலே நிகழும் சில நொடிப் பரிமாற்றத்தைப் பதிவுசெய்துகொண்டு போகிறவன், பின்னர் தன் வீட்டிலே ஆறுதலாக இருந்து, ஒவ்வொரு சொல்லாகப் பொருத்திப் பார்க்கலாம். உங்கள் வாசலில் அவன் நிற்கவேண்டியதில்லை. உங்களுக்கு அது தெரியவும் வராது. விளையாட்டுக்கென விற்கப்படும் ஆற்றல்மிக்க கணினி ஒன்று வினாடிக்கு 5 இலட்சம் சொற்களைச் சோதிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் மிகப் பலர் தம் கைத்தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைக்கின்றனர். அவ்விலக்கம் பத்து இலக்கங்கள் கொண்டது. ஆயினும் முதலில் வரும் 07 யாவரும் அறிந்ததே. எஞ்சிய எட்டு இலக்கங்களால் ஆகக்கூடியது 10 கோடி வகை. அவை அனைத்தையும் சோதித்து முடிக்க 200 வினாடி போதும். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்கு முன் காரியம் முடிந்துவிடும். ஆங்கிலச் சிற்றெழுத்துக்கள் எட்டினை ஒழுங்கின்றி வைத்தால் ஐந்து நாள் வரை செல்லும். அத்தகைய எழுத்துக்கள் பன்னிரண்டாயினோ, ஏறக்குறைய 6,000 ஆண்டுகள் வேண்டும். வெறும் நான்கு எழுத்துக்களைக் கூட்டியதால் வந்த பேறு இது! கணிதத்தை வெறுக்கும் மாணவருக்கு இதனைக் காட்டிப் பாருங்கள். பெருக்கத்தின் வலிமையை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாய்ச் சொல்லாது.

ஆகவே, நீளமே வலிமை. குறியீடுகளையும் எண்களையும் நெருக்கித் திணித்து, மறந்துபோய்த் திண்டாடவேண்டியதில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்திலே தொடர்ந்து எழுதினால் நல்ல கடவுச்சொல் ஆகிவிடும். ஆட்டுக்கல், புகையிரதம், முருங்கை, கண்ணாடி என்று ஒரு தொடரைச் சொல்லலாம். ஆனால் இத்தொடரை இப்போது நாடு முழுவதும் கேட்டுவிட்டமையால், தயவுசெய்து வேறொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிள்ளையின் பெயர், பாடசாலையிலே எல்லோரும் மனனஞ் செய்த பாட்டடி, தேசிய அடையாள அட்டையின் இலக்கம் ஆகியவை உதவா. அடையாள அட்டை இலக்கத்திலே பிறந்த ஆண்டும் நாளும் அடங்கியிருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதுவரை கூறியது கள்வனைப் பற்றியது. நான் சற்று விரித்துப் பேச விரும்புவது நண்பரைப் பற்றி. 2020 ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்தன. இணைப்பு இல்லாத வீட்டுப் பிள்ளைகள், இணைப்பு உள்ள வீட்டின் மதிலோரத்திலே பாய் விரித்திருந்து படித்ததை நான் கண்டேன். கேட்ட பிள்ளைக்குக் கடவுச்சொல்லைக் கொடாதவர் அரிது. பங்குக் கிணற்றிலே தண்ணீர் அள்ளி வளர்ந்த நமக்கு அது இயல்பான அறம். அதனைக் குறைகூற என் நா எழாது. ஆனால், அன்று கொடுத்த சொல் இன்றும் மாறாமல் இருக்கின்றது. அது ஒருவர் வாய்வழி ஒன்பதுபேருக்குப் போய், இன்று ஒழுங்கை முழுவதற்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. நான் அறிந்த ஒரு பாடசாலையிலே, அலுவலகத்து வலையின் கடவுச்சொல் மாணவர் விடுதியின் சுவரிலேயே எழுதப்பட்டிருந்தது. புள்ளிப் பட்டியல்கள் இருந்த கணினியும் அதே வலையிலேதான் இருந்தது.

இதிலே இரு கேடுகள் உள. இரண்டாம் வடிவப் பூட்டிலே, கடவுச்சொல்லை அறிந்தவன், நாம் இணையும் வேளையில் நடக்கும் பரிமாற்றத்தையும் கேட்டிருப்பானாயின், நம் கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையே செல்லும் செய்தியின் மறைப்பை நீக்கிவிட முடியும் என்பது ஒன்று. நம் இணைப்பினூடே எவரேனும் தீச்செயல் புரிந்தால், முதலிலே தேடிவரப்படும் முகவரி நம்முடையது என்பது மற்றொன்று. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்கியுள்ளது. செய்தவன் வேறொருவன் என்பது பின்னர் தெளியலாம். அதுவரை பொலிசாரின் வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டியவர் இணைப்புக்குச் சொந்தக்காரரே.

அப்படியாயின் அயலவருக்கு இல்லையென்று சொல்லிவிடுவதா? வேண்டியதில்லை. இக்காலத்து ரவுட்டர்களிற் பெரும்பாலானவை, விருந்தினர் வலை என்னும் இரண்டாவது வலையொன்றை அமைக்க இடந்தருகின்றன. அதற்கு வேறு பெயர், வேறு கடவுச்சொல். அதிலே இணைந்தவர் இணையத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் நம் கணினியையோ, அச்சுப் பொறியையோ எட்ட முடியாதபடி தடுப்பு உண்டு. நம் வீடுகளின் அமைப்பும் அதுதானே! வந்தவரை விறாந்தையில் இருத்தி உபசரிக்கின்றோம். உள்ளறைத் திறப்பை ஒருவருக்கும் கொடுப்பதில்லை. விருந்தினர் கடவுச்சொல்லைத் தவணைக்கு ஒருமுறை மாற்றினால், மனத்தாங்கலுமின்றி அலுவலும் முடியும். அமைத்தபின், அவ்வலையிலிருந்து உங்கள் அச்சுப் பொறி தெரிகின்றதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சில மலிவான பெட்டிகள் பெயரளவில் மட்டுமே பிரிக்கின்றன.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கும் தனியாக ஒரு கடவுச்சொல் உண்டு. தொழிற்சாலையில் இட்ட சொல்லையே விட்டு வைப்பவர் அநேகர். அத்தகைய சொற்கள் இணையத்திலே பட்டியலாகக் கிடைப்பதால், அதை முதல்நாளே மாற்றுதல் நன்று. பொத்தானை அழுத்தியோ, எட்டிலக்க எண்ணைக் கொடுத்தோ இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். என்னும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். அவ்வெட்டிலக்க எண்ணை ரவுட்டர் இரு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், 11,000 முயற்சிகளுக்குள் அதனைக் கண்டுபிடிக்கலாம் என்று 2011 இல் தெரியவந்தது.

பூட்டு நல்லதாயினும் காலத்துக்குக் காலம் செப்பனிடல் வேண்டும். 2017 ஒக்டோபரில் பெல்ஜியத்து ஆய்வாளர் மத்தி வான்ஹூவ், டபிள்யூ.பி.ஏ. இரண்டாம் வடிவத்திலேயே ஒரு வழுவை வெளிப்படுத்தினார். கணினிகளும் கைத்தொலைபேசிகளும் புதுப்பிக்கப்பட்டமையால் அது அடைக்கப்பட்டது. புதுப்பிக்காதவர் வழுவோடே இருந்தனர். விண்டோஸ் 10 தொகுதிக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு நின்றுவிட்டதால், அதனைக் கொண்டுள்ள பாடசாலைக் கணினிகளுக்கு மாற்றுவழி தேடுதல் அவசரமாகின்றது.

விடுதிகளிலும் பேருந்து நிலையங்களிலும் கிடைக்கும் இலவச வலையைப் பற்றி ஒரு சொல். பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாமாதலின், விடுதியின் பெயரோடு தோன்றும் வலை விடுதியினுடையது என்பதற்கு உறுதியில்லை. வங்கி அலுவலை அங்கே செய்யாமல், உங்கள் தொலைபேசி இணைப்பிலேயே செய்துகொள்ளுங்கள். புறப்படும்போது அவ்வலையை மறந்துவிடுமாறு தொலைபேசிக்குக் கட்டளையிட்டால், அதே பெயரைக் கண்டவிடத்தில் அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது.

இன்று மாலை கடவுச்சொல்லை மாற்ற எண்ணுபவர்கள், முதலில் அதனை ஒரு கடதாசியில் எழுதிக் காணி உறுதியோடு வையுங்கள். ஒழுங்கையில் நிற்பவனால் அலுமாரிக்குள் இருக்கும் கடதாசியை வாசிக்க இயலாது. மாற்றியதும் எல்லாக் கருவிகளின் இணைப்பும் அறுந்துவிடும். ஒவ்வொன்றிலும் புதிய சொல்லைத் தட்டச்சுச் செய்யவேண்டும். அதன் பின் அமைப்புப் பக்கத்திலே இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். வீட்டிலுள்ளவற்றை எண்ணி ஒப்பிடுங்கள். தொலைக்காட்சிப் பெட்டியை எண்ண மறந்துவிட வேண்டாம். சொல் மறந்து, கடதாசியும் தொலைந்தால், ரவுட்டரின் பின்புறத்திலே உள்ள சிறு துவாரத்தில் ஊசியை விட்டுச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அது பழைய தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அப்போது அடியிலே ஒட்டியுள்ள துண்டில் அச்சிட்ட சொல்லே மீண்டும் செல்லுபடியாகும். பூட்டு வகை, விருந்தினர் வலை உட்பட எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அமைக்கவேண்டும்.