‘சைராட்’டும் சில அதிர்ச்சிகளும்

2016-ம் வருஷம் மே மாதம். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. டோம்பிவிலியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் கல்யாணமோ, பிறந்தநாளோ, சத்யநாராயண பூஜையோ எதுவானாலும் ஒலிபெருக்கியில் ‘ஜிங்காட்’ பாட்டுதான். பிரசாதம் வாங்க வந்த கிழவர்கள்கூடக் காலால் தாளம் போட்டார்கள். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் சோலாப்பூர் மாவட்டத்துக்காரர். “அண்ணா, எங்கள் ஊர்ப்பக்கம் எடுத்த படம். குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்” என்றார். மனைவி, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த மகள், என் அம்மா, நான் என்று நால்வரும் கிளம்பினோம். அம்மாவுக்கு மராத்தி புரியுமா என்று யாரும் கேட்க வேண்டாம். நாற்பது வருஷம் காய்கறிக்காரியிடம் பேரம் பேசிய மராத்தி அது.

ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை. படம் முடிந்ததும் வடா பாவ் வாங்கித் தருவதாக மகளிடம் சொல்லியிருந்தேன். அவளும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

அந்த மௌனத்துக்குக் காரணம் என்ன என்று அப்போதிலிருந்தே யோசித்து வந்திருக்கிறேன். இளவயதுக் காதல் படங்களில் வரும் அதிர்ச்சிக் காட்சிகளைப் பற்றி நம் இதழுக்கு எழுதச் சொன்னதும் முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் படம்தான். முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத வழியில்லை. இனிமேல்தான் பார்க்கப் போகிறோம் என்பவர்கள் தயவுசெய்து இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடவும்.

நம் தலைமுறைக்கு இந்த வகைப் படங்களில் அதிர்ச்சி என்றால் ஒன்றுதான். கடைசி ரீலில் இருவரும் சாவார்களா, பிழைப்பார்களா என்பது. 1973-ல் ராஜ் கபூரின் ‘பாபி’யில் பையனும் பெண்ணும் தண்ணீரில் குதித்தார்கள். நல்லவேளையாக இரண்டு அப்பாக்களும் பின்னாலேயே குதித்து, ஒருவர் பிள்ளையை மற்றவர் கரை சேர்த்தார். 1981-ல் ‘ஏக் தூஜே கே லியே’ வந்தபோது அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது நம் கே. பாலசந்தர் எடுத்தது. 1978-ல் தெலுங்கில் ‘மரோ சரித்ரா’வாக எடுத்து, சென்னையில் தெலுங்கிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய கதை. இந்தியில் கோவாவில் நடக்கிறது. தமிழ்ப் பையன் வாசு, பக்கத்து வீட்டு இந்திக்காரப் பெண் சப்னா. சாப்பாடு, மொழி, சுத்தபத்தம் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் போடும் சண்டை, வெளியூரில் வாழும் நமக்கெல்லாம் அத்துப்படி. ஒரு வருஷம் பார்க்காமல், எழுதாமல் பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் மீறாமல் கடந்துவிட்டு, சேரப்போகும் நேரத்தில் அவனை அடியாட்கள் அடிக்கிறார்கள், அவள் கெடுக்கப்படுகிறாள், இருவரும் பாறை உச்சியிலிருந்து கடலில் விழுகிறார்கள். நான் அப்போது கல்லூரி மாணவன். கைக்குட்டை நனைந்தது உண்மை.

1988-ல் ‘கயாமத் சே கயாமத் தக்’. பெண் கூலிக்கொலையாளியின் குண்டுக்குப் பலியாகிறாள், பையன் கத்தியால் குத்திக்கொண்டு சாகிறான், பின்னால் சூரியன் மறைகிறது. அதையும் பார்த்து அழுதோம்.

இப்போது யோசித்தால் அவை துக்கம்தான், அதிர்ச்சி இல்லை என்று தோன்றுகிறது. வாத்தியங்கள் முன்கூட்டியே நமக்குத் தகவல் சொல்லிவிடும். கொல்பவன் முகமறியாத அடியாள். கோபக்கார அப்பாவுக்குக்கூடக் கடைசியில் ஓடிவந்து கதறும் வாய்ப்பு கிடைத்துவிடும். அந்த அழுகையில் அவர் பாதி மன்னிக்கப்பட்டு விடுகிறார். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களும் அப்படியே.

‘சைராட்’டின் இயக்குநர் நாக்ராஜ் மஞ்சுளே அந்த வழியை அடைத்துவிட்டார். அவருடைய முந்தைய படம் ‘ஃபன்ட்ரி’யும் ஒரு பள்ளிச் சிறுவனின் காதல்தான். ஃபன்ட்ரி என்றால் கைக்காடி மொழியில் பன்றி. ஆம், நம் பன்றியேதான். கைக்காடி மக்கள் பேசுவது தமிழுக்கு நெருங்கிய உறவுள்ள மொழி. மராட்டிய போஸ்டரில் ஒரு தமிழ்ச் சொல்லின் தங்கையைப் பார்த்தது எனக்கு அன்று சின்ன சந்தோஷம். பன்றி பிடிக்கும் குடும்பத்துப் பையன் ஜப்யா, தான் விரும்பும் பெண்ணின் கண்ணெதிரே பன்றியைத் துரத்த வேண்டியிருக்கிறது. பிடிபடப்போகும் சமயத்தில் பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்க, குடும்பமே அசையாமல் நிற்கிறது, பன்றி தப்பிக்கிறது. கடைசியில் கேலி செய்தவர்களை நோக்கி அவன் எறியும் கல் நேராக நம் முகத்துக்கு வருகிறது. அதோடு படம் முடிந்துவிடும்.

‘சைராட்’ அப்படிக் கல் எறிவதில்லை. அது சிரிக்க வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போகிறது. கர்மாளா பக்கத்துக் கிராமம், கிரிக்கெட் போட்டி, படிக்கிணறு, கரும்புக் காடு. மீனவர் வீட்டுப் பையன் பர்ஷ்யா. பாட்டீல் வீட்டுப் பெண் ஆர்ச்சி. அவள் புல்லட் ஓட்டுகிறாள், டிராக்டர் ஓட்டுகிறாள், கிணற்றில் குளிக்கும் பையன்களை வெளியே போகச் சொல்லி விரட்டுகிறாள். ஆர்ச்சியாக நடித்த ரிங்கு ராஜ்குருவுக்கு 2016 மார்ச்சில் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு அறிவிக்கப்பட்டபோது 15 வயதுகூட நிறையவில்லை. இருவருக்குமே அதுதான் முதல் படம். அஜய்-அதுல் இசையில் பாட்டுக்குப் பாட்டு தியேட்டரே எழுந்து ஆடியது. என் அம்மாகூட “தைரியமான பொண்ணுடா” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவில் ஒரு காட்சி. ஆர்ச்சியின் சகோதரன் பிரின்ஸ் வகுப்பில் ஆசிரியரை அறைந்துவிடுகிறான். அப்பா அதைப் பெருமையாகவே பேசுகிறார். நாங்கள் அதைப் பார்த்தோம், மறந்தோம். அடுத்த பாட்டு வந்துவிட்டது. பின்னால் வரப்போவதெல்லாம் அந்த ஒரு அறையில் இருந்திருக்கிறது.

இடைவேளைக்குப் பிறகு இருவரும் ஹைதராபாத்துக்கு ஓடுகிறார்கள். பாட்டு நின்றுவிடுகிறது. தகரக் கூரை, நாற்றம், தெரியாத தெலுங்கு. பர்ஷ்யா தோசை வார்க்கிறான், ஆர்ச்சி தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். முதல் தலைமுறையாக இந்த மும்பைக்கு வந்து இறங்கிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தப் பகுதி மிக நன்றாகப் புரியும். அங்கேதான் படத்தின் இன்னொரு அதிர்ச்சி. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சந்தேகம் வந்து பர்ஷ்யா அவளைத் தெருவில் வைத்து அறைகிறான். அதுவரை எந்தப் பையனுக்காக நாம் கைதட்டினோமோ அதே பையன். அவள் ரயிலேறிவிடுகிறாள், பிறகு திரும்பி வருகிறாள். என் மகள் அந்தக் காட்சியில் “ச்சீ” என்றாள். முடிவைவிட அந்த அறைதான் தன் வயதுப் பெண்களுக்கு உபயோகமானது என்று பிற்பாடு ஒருநாள் சொன்னாள். எனக்கு அது அன்று தோன்றவில்லை.

சில வருஷங்கள் ஓடுகின்றன. குழந்தை பிறந்துவிட்டது. ஸ்கூட்டர் வந்துவிட்டது. ஆர்ச்சி அம்மாவுக்கு போன் செய்து குழந்தையைப் பேச வைக்கிறாள். ஒருநாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது பிரின்ஸும் உறவுக்காரர்களும் வந்து நிற்கிறார்கள். கையில் அம்மா கொடுத்தனுப்பிய சீர். ஆர்ச்சியும் பர்ஷ்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தேநீர் போட்டுத் தருகிறார்கள். குழந்தை அக்கம்பக்கத்துப் பெண்ணோடு வெளியே போயிருக்கிறது.

நாங்கள் நால்வரும் அப்போது, அப்பாடா, சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம்.

குழந்தை திரும்பி வருகிறது. அங்கிருந்து படத்தில் சத்தமே கிடையாது. குழந்தை வாய்விட்டு அழுவது தெரிகிறது, கேட்கவில்லை. தியேட்டரில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று ஒரு விநாடி நினைத்தேன். பிறகு குழந்தை வெளியே நடக்கிறது, அதன் பின்னால் சின்னச் சின்னச் சிவப்புக் காலடிகள். கொலையை நாம் பார்ப்பதே இல்லை. கத்தியைப் பார்ப்பதில்லை. யாரும் ஓடிவந்து கதறுவதில்லை. சூரியன் மறைவதில்லை. மூன்று மணி நேரம் அவ்வளவு பாட்டுப் பாடிய படம் திடீரென்று ஊமையாகிவிட, நம் மூச்சு நமக்கே கேட்கிறது. அழுவதற்குக்கூட இசையின் துணை வேண்டியிருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இதையே 2018-ல் இந்தியில் ‘தடக்’ என்று எடுத்தார்கள். அதில் கணவனும் குழந்தையும் மாடியிலிருந்து தள்ளப்படுகிறார்கள், பெண் பிழைத்து நிற்கிறாள். கண்ணெதிரே விழுவதைக் காட்டியும் அந்தக் கனம் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். மனைவிக்கு வேறு அபிப்பிராயம் உண்டு.

தமிழில் இதற்கு முன்னோடி 2004-ல் வந்த ‘காதல்’. பாலாஜி சக்திவேல் இயக்கி, ஷங்கர் தயாரித்தது. மதுரையில் மெக்கானிக் முருகன், வசதியான வீட்டுப் பள்ளிக்கூடப் பெண் ஐஸ்வர்யா. சென்னைக்கு ஓடிவந்து கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பெண்ணின் சித்தப்பா தேடிப்பிடித்து வருகிறார். திட்டுவதில்லை, அடிப்பதில்லை, ஊருக்குப் போகலாம் என்று நயமாகப் பேசிக் கூட்டிப்போகிறார். நம்பி ஏறுகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அடி, உதை, தாலி பறிபோகிறது. கடைசியில் முருகன் புத்தி பேதலித்துத் தெருவில் திரிவதைத்தான் நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைவது சித்தப்பாவின் அந்த இனிய குரல்தான்.

இரண்டு படங்களிலும் அடியாள் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. உறவுதான் வருகிறது, முறை சொல்லிக்கொண்டு, பையோடு வருகிறது. வருகிறவரை உட்காரச் சொல்வதும் தேநீர் போடுவதும் நம் வீட்டுப் பழக்கம். நம் பழக்கத்தையே பொறியாக வைக்கிறார்கள் என்பதால்தான் பார்ப்பவர் எழுந்திருக்க முடியாமல் போகிறது. சினிமாக்காரர்களின் கற்பனை என்று தள்ளவும் வழியில்லை. ‘சைராட்’ வெளியானது 2016 ஏப்ரல் 29. அதற்கு ஏழு வாரம் முன்புகூட இல்லை, மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், கடைத்தெருவில், காதல் மணம் செய்த இளைஞர் ஒருவர் மனைவியின் எதிரிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதைக் கண்காணிப்புக் காமிராவில் நாடே பார்த்தது. வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை என்று சொல்லி, இப்படிப்பட்ட தம்பதிகளைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2018 மார்ச் 27 அன்று.

அன்று படம் பார்த்துவிட்டு வந்த இரவு மகள் கேட்டாள். “அத்தை வீட்டுக்கு முதல் தடவை போனது நீங்கதானேப்பா?”

என் தங்கை 1993-ல் தன்னோடு வேலை பார்த்த மராட்டியரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. கூடத்தில் கூடியிருந்த பெரியவர்களில் பெரியப்பா, “வெட்டிப் போட்டா சரியாயிடும்” என்றார். எல்லா வீட்டிலும் ஒருவர் அப்படிச் சொல்வார். நாங்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் தங்கை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு வருஷம் பேச்சே இல்லை. 1997-ல் அப்பா கொஞ்சம் இறங்கி வந்ததும், அம்மா ஒரு பட்டுப்புடவை, குழந்தைக்குப் பாவாடை, வெள்ளிக் கிண்ணம், ஒரு டப்பா முறுக்கு எல்லாம் பையில் வைத்து என்னை அனுப்பினாள். புனேயில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் மாடிப்படியைப் பார்த்தாள். மாப்பிள்ளை உட்காரவே இல்லை; நான் இருந்த முக்கால் மணி நேரமும் கதவோரமாக நின்றபடியே பேசினார். குழந்தையைக் கடைசி வரை காட்டவில்லை. இவ்வளவு தூரம் வந்தவனை இப்படியா நடத்துவது, இன்னும் கோபம் போகவில்லை என்று திரும்பும் ரயிலில் நானும் கோபித்துக்கொண்டேன். போகப்போக எல்லாம் சரியாகி, தீபாவளிக்கு வருவதும் போவதுமாக ஆன பிறகும் அந்த முதல் நாளைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

அன்றிரவு பதினோரு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். நாங்கள் பார்த்த படத்தின் பெயரைச் சொன்னதுமே, “நான் போன வாரமே பார்த்துட்டேன் அண்ணா” என்றாள்.

“அன்னிக்கு நான் வந்தப்போ பாப்பா எங்கே இருந்தா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. “எதிர் வீட்டு வஹினிகிட்ட விட்டிருந்தேன். நானே வந்து கூப்பிடற வரைக்கும் யார் கேட்டாலும் அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.”

“என்னைப் பார்த்தாடி பயந்தே?”

“உன்னைப் பார்த்து இல்லை. உன்கூட யாரு வருவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “அந்தப் புடவையை எப்பவாவது கட்டினாளான்னு கேளு” என்றாள்.

கேட்டேன். கட்டவில்லையாம். பீரோவில் அப்படியே இருக்கிறதாம்.