மடிக்கணினியும் மாறாத விலாசமும்

1983-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிலிருந்து ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்பவர் சைக்கிளில் கிளம்பினார். பத்திரிகைகளுக்குத் தொழில்நுட்பக் கட்டுரை எழுதிப் பிழைத்தவர். புறநகர் வீடு, கடன், பிடிக்காத வேலைகள் என்று வாழ்க்கை இறுகிப்போயிருந்தது. சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற அந்த சைக்கிளில் ஒரு சூரியத் தகடு இருந்தது. பையில் டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100 என்ற சின்னக் கணினி. திரையில் எட்டு வரிகள்தான் தெரியும்; வரிக்கு நாற்பது எழுத்து. சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற மாதிரி நான்கு சின்ன பேட்டரிகளில் ஓடும். வழியில் பொதுத் தொலைபேசி தென்பட்டால் கணினியை அதில் இணைத்து, எழுதிய கட்டுரையை அனுப்பிவிட்டு மறுபடியும் மிதிப்பார். இப்படியே சுமார் 16,000 கிலோமீட்டர் போனார்.

ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்ப்பவர்களின் முன்னோடி என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள், அவருக்காகக் கொலம்பஸில் ஒருவர் உட்கார்ந்திருந்ததைச் சொல்வதில்லை. வருகிற தபாலையும் பணத்தையும் பத்திரிகைக்காரர்களின் கேள்விகளையும் அந்த ஒருவர்தான் கவனித்துக்கொண்டார். நடமாடும் வாழ்க்கைக்கு நகராத ஒரு விலாசம் வேண்டும். நாற்பது ஆண்டுகளில் கணினி மாறிவிட்டது. இந்தத் தேவை மாறவில்லை. வேலையை விடப்போகிறேன் என்று என்னிடம் சொல்கிற இளைஞர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அவர்களுடைய தைரியத்தைப் பற்றி அல்ல, அந்த விலாசத்தைப் பற்றித்தான்.

இப்படிச் சொல்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். 2020-இல் கொரோனா வந்து சென்னைப் பக்கம் பெருங்குடியிலும் சிறுசேரியிலும் ஐ.டி. கட்டடங்கள் காலியானபோது, வேலை வீட்டிலிருந்தே நடந்தது. மயிலாடுதுறையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கோடு எழுதினார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பிறகு நிறுவனங்கள் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று திரும்பக் கூப்பிட ஆரம்பித்தன. ஓ.எம்.ஆர். நெரிசலில் மாலை ஆறு மணிக்குக் கேபில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, வீட்டிலிருந்தே செய்த வேலையை எதற்காக இங்கே வந்து செய்ய வேண்டும் என்று தோன்றுவது முழுக்க நியாயம். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். கோபத்தோடு பேப்பர் போடுவதில், அதாவது ராஜினாமா செய்வதில்தான் எனக்குத் தயக்கம்.

மாதம் பிறந்தால் கணக்கில் ஏறுகிற தொகையைத்தான் நாம் சம்பளம் என்று நினைக்கிறோம். அதன் பின்னால் ஒளிந்திருப்பவை பல. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் நிறுவனம் தன் பங்காக பி.எஃப்.-க்குக் கட்டுகிறது. தொடர்ந்து ஐந்து ஆண்டு முடித்த நிரந்தர ஊழியருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி வரும். நாலரை வருடத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். சில மாதம் பொறுத்திருந்தால் கையில் வந்திருக்க வேண்டிய பணம் அது.

எல்லாவற்றையும்விடப் பெரியது மருத்துவக் காப்பீடு. பெருங்குடியில் வேலை பார்த்த என் நண்பர் ஒருவர், நிறுவனத்தின் குரூப் பாலிசியில் அப்பா அம்மாவையும் சேர்த்திருந்தார். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம். இருவருமே எழுபதை நெருங்குகிறவர்கள். கடைசி வேலைநாளோடு பாலிசியும் முடிந்துபோகும் என்பது அவருக்கு நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரத்தில்தான் உறைத்தது. புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்வார்கள். வேலையில் இருக்கும்போதே, அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், குரூப் பாலிசியில் கழிந்த காலத்தைக் கணக்கில் சேர்க்க வழியுண்டு. அவர் அந்த ஒரு வாரத்தில் ஓடியாடி அதைச் செய்து முடித்தார். மற்ற எல்லாத் திட்டத்தையும் எக்ஸெல்லில் போட்டு வைத்திருந்தவர் அவர். எந்த மலைக்குப் போவது, எந்த அறையில் தங்குவது, என்ன பை வாங்குவது எல்லாம் அதில் இருந்தன. அப்பாவின் சர்க்கரை மட்டும் இல்லை.

வரி விஷயம் இவ்வளவு பயமுறுத்தாது. தொழில்நுட்ப ஆலோசனை போன்ற சில தொழில்களில், ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய் வரை, ரொக்க வரவு ஐந்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை, வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம்; விரிவான கணக்குப் புத்தகம் வேண்டியதில்லை. உங்கள் வேலை அந்தப் பட்டியலில் வருமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். அது இல்லாதவர் இரண்டு மூன்று வருட ஐ.டி.ஆர். காட்ட வேண்டும். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், கடனை வாங்கிவிட்டு வேலையை விடலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மாதத் தவணை கழுத்தில் இருந்தால், வருகிற எந்த கிளையன்ட்டுக்கும் முடியாது என்று சொல்ல வராது. முன்பு ஒரு மேனேஜர் இருந்த இடத்தில் அப்புறம் நான்கு பேர் இருப்பார்கள்.

சரி, போய்ச் சேர்ந்த இடத்தில் வாழ்க்கை எப்படி இருக்கும்? இமாச்சலப் பிரதேசத்தின் பீர் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். காங்க்ரா மாவட்டத்தில், திபெத்தியர் குடியிருப்பும் புத்த மடாலயங்களும் உள்ள ஊர். மேலே பில்லிங் மலையிலிருந்து பாராகிளைடிங் செய்கிறவர்கள் கீழே பீரில் வந்து இறங்குவார்கள். 2015-இல் அங்கே உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. ஐந்தாறு வருடமாக லேப்டாப்போடு வருகிறவர்களுக்காகவே அங்கே அறைகளும் கஃபேக்களும் பெருகியிருக்கின்றன.

பகல் நன்றாகவே இருக்கும். நம்மவர்களின் வேலை பெரும்பாலும் அமெரிக்காவோடு. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் ஏழரை. ஊரே சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் முதல் கால் தொடங்கும். குளிர்காலத்தில் மேலே ஸ்வெட்டர், மடியில் கம்பளி, விரல் மட்டும் வெளியே. இன்வெர்ட்டர் கூடத்து விளக்குக்கு மட்டும்தான் என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லியிருப்பார். அதனால் வைஃபை ரவுட்டருக்கென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி வைத்திருப்பார்கள், போனில் வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு சிம். மின்சாரம் போய், ஃபைபரும் போய், ஜன்னலோரமாக ஒரே ஒரு மூலையில் கிடைக்கும் 4ஜி சிக்னலில் போனை நிறுத்தி வைத்து, "ஹலோ, இப்போ கேட்குதா?" என்று கேட்டுக்கொண்டே இரவு ஒன்றரை வரை. விடிந்து எழுந்தால் பத்து மணி. ஆசைப்பட்டு வந்த பனிமலை நடை சாயங்காலத்துக்குத் தள்ளிப்போகும். சாயங்காலம் மறுபடி கால்.

ஜூலை பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை மழை காரணமாக அங்கே பறப்பதற்குத் தடை. மண்சரிவும் மின்வெட்டும் வழக்கமாக வருகிற காலம் அதுதான். படங்களில் நாம் பார்க்கும் பீர் அக்டோபர் மாதத்து பீர். வேலை பன்னிரண்டு மாதமும் நடக்க வேண்டும். சிக்கிமில் பாக்யோங் மாவட்டத்து யாக்டென் கிராமத்தை 2025 ஜூலையில் நாட்டின் முதல் டிஜிட்டல் நோமேட் கிராமம் என்று அறிவித்தபோது இணையத்தையும் மின்சாரத்தையும் முன்னிறுத்தியே பேசினார்கள். அது சரியான புரிதல். வருகிறவர்கள் மலைக்காக வருவார்கள், இணையம் இருந்தால்தான் தங்குவார்கள்.

வெளிநாடு என்றால் கதவு இன்னும் குறுகல். 2020-இல் பார்படோஸும் எஸ்டோனியாவும் தொடங்கி வைத்த தொலைப்பணி விசாவை இன்று பல நாடுகள் தருகின்றன. ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்கும் இந்தியச் சம்பளத்துக்கும் எட்டுவது சிலதான். ஜப்பான் 2024-இல் கொண்டுவந்த ஆறுமாத விசாவில் ஆண்டு வருமானம் ஒரு கோடி யென் இருக்க வேண்டும். அதற்குத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இந்தோனேசியா ஆண்டுக்கு 60,000 டாலர் கேட்கிறது, அதாவது ஐம்பது லட்சம் ரூபாய்க்கு மேல். மலேசியாவின் டி.இ. ராந்தாவ் திட்டத்தில் தொழில்நுட்பத் துறையினருக்கு 24,000 டாலர். தாய்லாந்து 2024 ஜூலையில் அறிமுகப்படுத்திய ஐந்தாண்டு விசாவுக்கு வங்கியில் ஐந்து லட்சம் பாட் காட்ட வேண்டும்; ஒரு தடவை போனால் 180 நாள் தங்கலாம். டூரிஸ்ட் விசாவில் போய் லேப்டாப்பைத் திறந்தால் யார் பார்க்கப்போகிறார்கள் என்பார்கள். மாட்டினால் நாடு கடத்துவார்கள். அடுத்த விசா விண்ணப்பத்திலும் அந்தக் கறை தொடரும். அந்த ஆபத்தை எடுக்கச் சொல்லி யாருக்கும் நான் யோசனை சொல்ல மாட்டேன்.

நாம் போய்த் தங்கும் ஊரில் ஏற்கெனவே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதும் இந்தப் பேச்சில் காணாமல்போகிறது. மெக்சிகோ சிட்டியில் 2025 ஜூலையில் உள்ளூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ரோமா, கொண்டேசா பகுதிகளில் டாலரில் சம்பாதிப்பவர்கள் வந்து குவிந்ததால் தங்களுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை என்பது அவர்கள் புகார். பாலித் தீவில் நெல்வயல்கள் வில்லாக்களாகிக்கொண்டிருக்கின்றன. கோவாவிலும் இதே வருத்தம் கேட்கிறது. பெங்களூரு சம்பளத்தில் கிராமத்து வாடகை நமக்குச் சல்லிசாகப் படும். கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவோம். அடுத்த மாதம் அதே தெருவில் ஒரு பள்ளி ஆசிரியை வாடகைக்கு வீடு தேடும்போது அந்த விலைதான் ஊர் விலை. ஒரே இடத்தில் ஆறு மாதமாவது தங்குங்கள், உள்ளூர்க் கடையில் வாங்குங்கள், குப்பை எங்கே போகிறதென்று கேளுங்கள்.

விலாசத்துக்கு வருகிறேன். என் நண்பருக்கு அவ்வப்போது ஊரிலிருந்து போன் வரும். "தம்பி, பேங்க்லேர்ந்து ஸ்பீடு போஸ்ட் வந்திருக்கு. நேர்ல ஆள் இருந்தாத்தான் தருவேன்னுட்டாருப்பா." ஆதார், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் இருப்பது அந்த வீடுதான். அதைப் பார்த்துக்கொள்வது அம்மா. காஸ் சிலிண்டர், தண்ணீர் வரி, அப்பாவின் பரிசோதனை முடிவுகள், இவருடைய கூரியர், எல்லாமே அந்த ஒரு பெண்மணியின் தலையில். நம் வீடுகளில் பிள்ளை சுதந்திரமாகத் திரிவதற்குப் பின்னால் சம்பளமில்லாமல் ஒரு அலுவலகம் நடத்துகிறவர் பெரும்பாலும் அம்மாவோ அக்காவோதான். பெண் கிளம்பினால் கதை வேறு. தனியாகத் தங்குவதற்கு அறை கிடைப்பது ஒரு பாடு என்றால், "எப்போ திரும்பி வர்றே" என்ற கேள்விக்கு வாரந்தோறும் பதில் சொல்வது இன்னொரு பாடு. அப்படியும் கிளம்புகிற பெண்களை நான் மனதார வாழ்த்துகிறேன். அவர்களுடைய கணக்கில் பெரும்பாலும் காப்பீடு, அவசரப் பணம், நம்பகமான ஒரு தோழியின் எண் என்று எல்லாம் முன்கூட்டியே இருக்கின்றன.

கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேப்பர் போடுவதற்கு முன், இருக்கிற வேலையில் இருந்துகொண்டே ஒரு மாதம் வெளியூரிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேளுங்கள். அந்த மாதம் பீரும் வேண்டாம், பாலியும் வேண்டாம். குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் ஒரு அறை எடுங்கள். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ பல வருடமாக அலுவலகம் நடத்துகிறது, ஆகவே மென்பொருள் வேலைக்கு அந்தப் பகுதி புதிதல்ல. இரவு கால், துணி காயாத ஈரம், மின்வெட்டு, தனியாகச் சாப்பிடுகிற சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு மாதம் பாருங்கள். அந்த மாதச் சம்பளத்தைத் தொடாமல், சேமிப்பிலிருந்து எடுத்தே செலவு செய்யுங்கள். கிளையன்ட் பணம் தாமதமாகும் மாதம் எப்படி இருக்கும் என்று தெரியும். வீட்டில் உங்கள் தபாலைப் பார்க்கப்போகிறவர் யாரோ, அவரையும் சில நாள் அங்கே அழைத்துப்போய், என்ன செய்யப்போகிறீர்கள் என்று உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கும் சம்மதம் என்றால் திரும்பி வந்து ராஜினாமாவை எழுதலாம்.