'சாலிட்' என்றால் எந்தப் பலகை?

கிட்டார் கடையில் "சாலிட் டாப் சார்" என்பார்கள். மேல்பலகை மட்டும் முழுமரம் என்று அதற்குப் பொருள். முதுகும் பக்கங்களும் பெரும்பாலும் மெல்லிய அடுக்குகளை ஒட்டிய லேமினேட். அட்டையில் 'சாலிட்' இல்லாமல் 'செலக்ட் ஸ்ப்ரூஸ்' என்று மட்டும் இருந்தால், மேல்பலகையும் லேமினேட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மரரேகை விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் முழுமரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் லேமினேட். விளிம்பில் பெயின்ட்டோ பட்டையோ இருந்தால் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒட்டுப்பலகை என்றாலே மட்டம் என்பதும் சரியல்ல. இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகளின் சுருதி ஆணிகளைப் பிடித்துநிற்கும் பியானோவின் 'பின் பிளாக்' பலகையை, கெட்டிமர அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டித்தான் செய்கிறார்கள். முழுமரமாக இருந்தால் ரேகை வாக்கில் பிளந்துவிடும். கிராண்ட் பியானோவின் வளைந்த சட்டமும் அடுக்குகளை ஒட்டி வளைத்ததுதான். அந்த முறைக்கு ஸ்டைன்வே 1880-இல் காப்புரிமை பெற்றது.

பியானோவில் விலை பேசவேண்டிய இடம் ஒலிப்பலகை. முழு ஸ்ப்ரூஸ் பலகைக்கு நாதம் அதிகம். ஆனால் மழைக்கால ஈரத்துக்கும் ஏசி வறட்சிக்கும் நடுவே அது விரிந்து சுருங்கி வெடிக்கக்கூடும். லேமினேட் அவ்வளவு எளிதில் வெடிக்காது. கடலோர ஊரில் குழந்தையின் பயிற்சிக்கு அதுவே போதும் என்பேன், முழுமர விலை கேட்காதவரை. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். வெளிப்பெட்டியில் ஈரம் ஏறினால் மட்டும் கவனம்: உப்பும், திருகாணி பிடிப்பை இழக்கும்.

எந்தப் பாகம் முழுமரம், எது லேமினேட் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பொருளின் தரத்தையோ சேர்மானத்தையோ பற்றிப் பொய் சொல்லி விற்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. பழுதான பொருளைத் திரும்பப் பெறுவதற்குப் பில்லில் கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள் பணத்தைத் தந்தாக வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் எந்த ஊர்க் கடையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.