ஒரு நாள் வேலையா அது?

கோடு போட்டவர்கள் – 8

ரூபாய் குறியை வரைந்த உதயகுமாரைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, 'இத்தனூண்டு குறிக்கு இரண்டரை லட்சம் பரிசா சார்?' என்று கேட்டவர்கள் உண்டு. கேட்பதில் தப்பில்லை. தேவநாகரி 'ர'வும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் கலந்த ஓர் உருவம், தலையில் இரண்டு கோடு. பார்த்தால் பத்து நிமிட வேலை. ஆனால், அதை வரைந்தவர் மும்பை ஐ.ஐ.டி.யின் டிசைன் துறையில் தமிழ் எழுத்து வடிவங்களை எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு உழைத்தவர். எந்தக் கோட்டை எடுத்தாலும் எழுத்து எழுத்தாகவே நிற்கும், எதை எடுத்தால் சாய்ந்துவிடும் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண் அது. பத்து நிமிடக் கணக்கு அங்கே செல்லாது.

இந்த வார ஆள் விஷயத்தில் எனக்கு இந்த வாதம் கொஞ்சம் கஷ்டம். ஏனென்றால், ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள்தான் ஆனது, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது என்று அவரே பேட்டி கொடுத்துவிட்டார்.

கேரி ஆண்டர்சன். பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் வரைந்தது இப்போது உங்கள் வீட்டில் குறைந்தது நாலைந்து இடத்தில் இருக்கும். கொரியரில் வந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில் இருக்கும், ஜூஸ் டப்பாவின் பின்பக்கம் இருக்கும். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு முக்கோணமாகச் சுற்றும் மூன்று அம்புகள். மறுசுழற்சிக் குறி. 1970இல் அதை வரைந்தபோது அவருக்கு வயது 23. லாஸ் ஏஞ்சலஸில், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவர்.

அவர் முதலில் சேர்ந்தது பொறியியல். ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், பிள்ளைகளையெல்லாம் என்ஜினீயர் ஆக்கக் கிளம்பிய காலம். (நம் ஊரில் ஸ்புட்னிக் எதுவும் போகாமலேயே அதைச் செய்தோம்.) எலெக்ட்ரானிக்ஸ் மண்டையில் ஏறவில்லை. கட்டடக்கலை என்றால், செய்வதை ஒரு படமாகவாவது வரைந்து பார்க்கலாமே என்று மாறிக்கொண்டார். அந்தப் படிப்பில் கிராஃபிக் டிசைனும் ஒரு கட்டாயப் பாடம். நம் கதைக்கு அந்த ஒரு பாடம் முக்கியம்.

1970 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவில் முதல் புவி நாள். இரண்டு கோடிப் பேர் தெருவுக்கு வந்தார்கள் என்பது கணக்கு. அந்தச் சூட்டோடு சிகாகோவின் கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா ஒரு போட்டி அறிவித்தது. அட்டைப்பெட்டி செய்கிற நிறுவனம் அது. பழைய காகிதத்தை வாங்கிக் கூழாக்கித்தான் பெருமளவு அட்டை செய்தது. மறுசுழற்சிக் காகிதத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும். கலை, டிசைன் படிக்கும் மாணவர்கள் வரைந்து அனுப்பலாம் என்று போஸ்டர் ஒட்டினார்கள். ஐந்நூறுக்கு மேல் வந்து குவிந்தன. ஆண்டர்சனும் போஸ்டரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தபோது அவர் கையில் என்ன இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அதற்கு முன்பே கல்லூரியில் கழிவுநீர் மறுசுழற்சி பற்றி ஒரு பிரசன்டேஷன் செய்திருந்தார். நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் கிளம்பி, குழாய்க்கு வந்து, செலவாகி, சுத்தமாகித் திரும்புவதைக் காட்ட ஒரு வரைபடம் வேண்டியிருந்தது. அம்புகள், வளைவுகள், கோணங்கள் என்று அதற்காக நிறைய வரைந்துபார்த்திருந்தார். ஆக, போட்டிக்கு உட்கார்ந்தபோது அம்பு ஏற்கெனவே கையில் இருந்தது. ஆனால் அந்தப் பழைய படத்தில் அவருக்கே ஒரு குறை. தட்டையாக இருந்தது. தாளில் ஒட்டிக் கிடந்ததே தவிர, ஓடவில்லை.

இங்கேதான் ஆரம்பப் பள்ளி ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் வகுப்போடு ஒரு செய்தித்தாள் அச்சகத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். பெரிய உருளைகள் மேல் காகிதம் ஏறி, இறங்கி, திரும்பி ஓடுவதைப் பையன் பார்த்திருக்கிறான். பல ஆண்டுகள் சும்மா கிடந்த காட்சி. அம்பு ஏன் வெறும் கோடாக இருக்க வேண்டும், அதுவே ஒரு காகிதப் பட்டையாக மடிந்து திரும்பினால் என்ன? அவ்வளவுதான், அம்பு எழுந்துகொண்டது. பென்சிலில் போட்டார், மேலே கறுப்பு மையில் இழைத்தார், அனுப்பினார்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். பழைய நாளிதழின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நீளப் பட்டை கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை ஒரே ஒரு தரம் புரட்டி, மறுமுனையோடு ஒட்டுங்கள். மோபியஸ் பட்டை என்பார்கள்; 1858இல் மோபியஸ், லிஸ்டிங் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தனித்தனியே கண்டது. பென்சிலை வைத்து எடுக்காமல் நடுவே கோடு இழுத்துக்கொண்டே போனால், முன்பக்கம் பின்பக்கம் என்ற பேச்சே இல்லாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இப்போது அந்த வளையத்தை மேஜையில் வைத்து, மூன்று மடிப்பு வருகிற மாதிரி பதமாக அமுக்குங்கள். முக்கோணம் கிடைக்கும். உற்றுப் பார்த்தால் இரண்டு மடிப்பு ஒரு மாதிரியும், மூன்றாவது அதற்கு எதிராகவும் இருக்கும். ஆண்டர்சனின் அம்புகள் அப்படித்தான் மடிந்தன. இன்று பெட்டிகளில் அச்சாகும் குறிகளில் பெரும்பாலானவற்றில் மூன்று மடிப்பும் ஒரே மாதிரி. யாரோ நகலெடுத்தபோது திரிந்து, அதுவே பரவிவிட்டது. ஒரு முறுக்கில் முடிந்த பட்டை, மூன்று முறுக்குப் பட்டை ஆகிவிட்டது. கணக்கு வாத்தியார்கள் தவிர யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து மாணவர்களுக்கு இந்தப் பட்டை புதிதல்ல. எறும்புகள் முடிவில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும் எஷரின் மோபியஸ் படம் 1963இலேயே வந்துவிட்டது.

காகிதத்தை மடித்துப் பார்ப்பது டிசைன் படிப்பில் பழைய சங்கதி. ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் ஜோசஃப் ஆல்பர்ஸ் முதல் வகுப்பில் ஒரு கட்டு செய்தித்தாளோடு வருவாராம். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, இதை வைத்து ஏதாவது செய்யுங்கள் என்று போய்விடுவார். திரும்பி வந்து பார்த்தால் கோட்டை, கப்பல், மிருகம். எதுவும் அவருக்குப் பிடிக்காது. கப்பலை மரத்திலும் செய்யலாமே! ஒரு மாணவர் தாளை நீளவாக்கில் மடித்து நிற்க மட்டும் வைத்திருந்தார். தொளதொளவென்று விழுகிற தாள், ஒரு மடிப்பு விழுந்ததும் நிமிர்ந்து நிற்கிறது. இதுதான் பாடம் என்றார் ஆல்பர்ஸ். டிசைன் கல்லூரிகளின் முதலாண்டுக்குள் இன்றைக்கு நுழைந்து பார்த்தாலும் இதே வாடைதான். பசை இல்லாமல் ஒரே தாளில் பெட்டி செய், ஸ்கேல் வைக்காமல் பக்கம் முழுக்கக் கோடு இழு, ஒரே இலையைப் பத்து விதமாக வரை. பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் வெட்டி, ஒட்டி, கிழித்துக்கொண்டிருப்பார்கள். ஃபீஸ் கட்டிய பெற்றோருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆல்பர்ஸோடு அதே பௌஹவுஸில் 1925இலிருந்து ஆசிரியராக இருந்தவர் ஹெர்பர்ட் பேயர். அங்கேயே மாணவராகவும் இருந்தவர். பிற்பாடு அமெரிக்கா வந்து, இதே அட்டைப்பெட்டி நிறுவனத்துக்கு நெடுங்காலம் டிசைனராக இருந்தார். 1970 போட்டியின் நடுவர்களில் அவரும் ஒருவர். இன்னொருவர் ஹிட்ச்காக் படங்களுக்கு டைட்டில் செய்த சால் பாஸ். ஐந்நூற்றுச் சொச்சம் வரைபடங்களுக்கு நடுவே மூன்று மடிப்பு விழுந்த ஒரு காகிதப் பட்டையைப் பார்த்ததும், பேயருக்கு அந்தப் பழைய வகுப்பறை ஞாபகம் வந்திருக்குமா? வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

தேர்வு நடந்தது கொலராடோ மலையில், ஆஸ்பென் சர்வதேச டிசைன் மாநாட்டில். அந்த வருட மாநாடு பெரிய ரகளை. தலைப்பு என்னவோ சுற்றுச்சூழல்தான். ஆனால், குப்பையைப் பெருக்குகிற கம்பெனிகளுக்கே வேலை செய்துகொண்டு சுற்றுச்சூழல் பேசுகிறீர்களா என்று இளைஞர்கள் மேடையை மடக்கிக் கேட்டார்கள். பெரியவர்களிடம் பதில் இல்லை. அந்தக் கூட்டத்தில்தான், ஒரு பெட்டிக் கம்பெனியின் காசில் ஒரு மாணவரின் குறி ஜெயித்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பரிசு 2,500 டாலர் உதவித்தொகை. ஆண்டர்சன் துள்ளிக் குதிக்கவில்லை. ஜெயிப்போம் என்று அவருக்கு அப்போதே தெரியுமாம்! 23 வயதுத் திமிர். ஆண்டர்சன் வரைந்த முக்கோணம் ஒரு முனையில் நின்றது. நிறுவனம் அதைத் திருப்பி அடிப்பக்கத்தில் உட்கார வைத்தது, கோடுகளைக் கொஞ்சம் செதுக்கியது. வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்யவும் பார்த்தது. எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. அதனால்தான் யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள். ஆண்டர்சனுக்கு அதில் ராயல்டி என்று ஒரு பைசா கிடையாது.

அவர் நகரமைப்புத் துறைக்குப் போனார். போட்டியில் ஜெயித்ததை வெளியே பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை; படம் போடுகிறவன் என்று நினைத்துவிட்டால் பிளானிங் வேலையில் மதிக்க மாட்டார்களோ என்ற பயம். பிறகு சவூதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். அங்கிருந்து ஒரு கோடை விடுமுறைக்கு ஆம்ஸ்டர்டாம் போய் இறங்கினால், எதிரே பிரமாண்டமான குப்பைத் தொட்டி. அதன் மேல் பெரிய பந்தைவிடப் பெரிதாக அவருடைய அம்புகள். தான் வரைந்ததையே மறந்திருந்தவர் அசந்துபோனார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம், பிளாஸ்டிக் வகைகளுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் இதே அம்பு முக்கோணத்துக்குள் வைத்தது. எண், இது என்ன பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது. அம்பைப் பார்க்கிறவர்களோ, இது மறுசுழற்சி ஆகும் என்று நம்பிவிடுகிறார்கள். தண்ணீர் பாட்டிலின் 1க்கு வாங்க ஆள் இருக்கிறது. பலதையும் கலந்த 7ஐப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். 2013இல் அமெரிக்காவின் தர அமைப்பு, அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணம் போடச் சொல்லி விதியை மாற்றியது. மறுசுழற்சி ஆகாத பொருளில் அம்புக் குறி போடுவதைக் கட்டுப்படுத்த கலிஃபோர்னியா 2021இல் சட்டமே போட்டது. காகிதத்துக்காகக் காகித மடிப்பிலிருந்து பிறந்த குறி அது. பிளாஸ்டிக்கில் அதை ஒட்டியது மோசடி என்றே சொல்வேன். வரைந்த பையனுக்கு அதில் பங்கில்லை.

ஆக, ஒரு நாள் கணக்குக்கு வருவோம். பேனா ஓடியது ஒரு நாள்தான். அச்சகத்துக்குப் போன நாளும், கழிவுநீர்ப் படத்துக்குப் போட்ட ராத்திரிகளும், கட்டாயமென்று படித்த அந்த ஒரு பாடமும் அந்தக் கணக்கில் சேரவில்லை. நம் பிள்ளைகளின் ரஃப் நோட்டுகளில் கிடப்பதும் இந்தச் சரக்குதான். எனவே ஒரு வேண்டுகோள். டிசைனோ கட்டடக்கலையோ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், செமஸ்டர் முடிந்ததும் அந்தச் சார்ட்டுகளையும் ஸ்கெட்ச் நோட்டுகளையும் எடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் கிடைக்கும். அந்தக் காசு இல்லாமல் குடும்பம் நடக்கும்.

அடுத்த வாரம், மணிக்கு 2 டாலர் கூலிக்கு நைக்கியின் குறியை வரைந்துகொடுத்து, 35 டாலருக்கு பில் போட்ட போர்ட்லாந்து மாணவி.

(தொடரும்)