‘நான்’ என்றொரு மாகாணம்

தாய்லாந்தின் வடக்கே, லாவோஸ் எல்லையோரம் ‘நான்’ என்றொரு மாகாணம் இருக்கிறது. பாங்கொக், புக்கெற் என்று போகும் எங்கள் ஆட்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம். வாடகைக் காரில் சுற்ற மூன்று நாட்கள் போதும்.

முதல்நாள் நான் நகரில் வாட் பூமின் விகாரைச் சுவரோவியங்கள். மறுநாள் புவா ஊரிலிருந்து 1256ஆம் இலக்க மலைவீதியால் போ க்ளுயா. கடலில்லாத அந்த மலையூரில் கிணற்று உப்புநீரைக் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். மூன்றாம் நாள் 1081ஆம் வீதியால் திரும்பலாம்.

அங்கும் ஊரைப் போல இடப்பக்கமே ஓட்டுவார்கள். ஆனால் வளைவுகள் அதிகம். தூரத்தைக் கிலோமீற்றரில் கணக்கிடாமல் மணித்தியாலத்தில் கணக்கிடுங்கள். இருட்டுமுன் தங்குமிடம் சேருங்கள்.

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை வசிக்கும் நாட்டிலேயே எடுத்துவிடுங்கள். அதில்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதி கைவிடக்கூடும்.

இன்னொன்று. என் வீட்டில் பிள்ளைகளிடம் கடவுச்சீட்டு, என்னிடம் அகதிப் பயணப்பத்திரம். தாய்லாந்து 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. பிள்ளைகளுக்குள்ள விசா விலக்கு எனக்கும் உண்டென நம்பி, பணம் திரும்பாத விமானச்சீட்டு வாங்கி ஒருமுறை நட்டக்கணக்கு எழுதினேன். முதலில் தூதரகத்தில் விசா, பிறகுதான் சீட்டு.