300-ஐ 450 ஆக்கியவர்கள்

1998 ஆகஸ்டில் இன்டெல் இரண்டு புராசஸர்களை ஒன்றாகச் சந்தைக்கு விட்டது. 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-வின் விலை 669 டாலர்; 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ-வின் விலை 149 டாலர். விவரம் தெரிந்தவர்கள் மலிவானதையே தேடி வாங்கினார்கள். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு ஏற்றினால் போதும், சிப்பில் பூட்டியிருந்த 4.5 என்ற பெருக்கல் எண் அதை 450-இல் கொண்டுபோய் நிறுத்தும். ஏபிட் பிஹெச்6 போர்டு வைத்திருந்தவர்கள் பெட்டியைக்கூடத் திறக்க வேண்டாம். பயாஸ் திரையிலேயே வேலை முடிந்துவிடும். ஓவர்கிளாக் எனப்படும் இந்த வேக ஏற்றத்திலும் பல சிப்கள் அசராமல் ஓடின.

எல்லாச் சிப்பும் அப்படி ஈடுகொடுக்காது. கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் டிரான்சிஸ்டர்கள் கணக்கை முடித்தாக வேண்டும். வேகம் கூடினால் அவகாசம் குறையும். அதை ஈடுகட்ட வோல்டேஜை ஏற்றுவார்கள், வினையே அங்கேதான். மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் மின்செலவு சுமார் 33 சதவீதம் எகிறும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். கூடவே, பாயும் எலெக்ட்ரான்கள் நுண்கம்பிகளின் உலோக அணுக்களை மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற இந்த அரிப்பும் வேகமாகும்.

கம்ப்யூட்டர் ஹேங் ஆனால்கூடப் பரவாயில்லை, கோளாறு என்று தெரிந்துவிடும். சத்தமில்லாமல் ஒரு பிட் பிசகிக் கோப்பு கெட்டுப்போவதுதான் மோசம்.

எல்லை மீறியவர்களில் இன்டெலும் உண்டு. 2000-இல் அவசரமாக வந்த 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்யும்போதே தடுமாறியது. ஒரு மாதத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். 2024-இல் அதன் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கி நிரந்தரமாகப் பழுதாயின. வாரண்டியை 2 ஆண்டு நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் இந்தக் கதி!

இன்றைய சிப்கள் டர்போ வசதியால் தாங்களாகவே உச்சத்தைத் தொட்டுவிடுகின்றன. மேற்கொண்டு கைவைத்தால் கிடைப்பது பெரும்பாலும் சில சதவீதம். அதற்காகப் பெரிய கூலரும் பவர் சப்ளையும் வாங்கும் பணத்தில் அடுத்த ரக சிப்பையே வாங்கிவிடலாம். விவரமான லேப்டாப்காரர்கள் இப்போது வோல்டேஜைக் குறைத்துச் சூட்டை அடக்கப் பார்க்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல்: 2019-இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை அம்பலமானபின், பல இன்டெல் லேப்டாப்களில் அந்த வசதியையும் பூட்டிவிட்டார்கள்.