அம்மாவே கட்டட்டும்

பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில் இருப்பவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. பிசியோதெரபிஸ்ட் வந்து கொஞ்ச நேரம் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார். மிச்ச நேரமெல்லாம் நம் பொறுப்பு. அதை எப்படிக் கழிப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தோவாளையில் பூக்கட்டியே எங்களை வளர்த்தவர் அம்மா. மூளையின் இடப்பக்க ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டதில் வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் போனது. உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடது பாதி. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் படிக்க வேண்டியிருந்தது, எங்கே தொடக்கூடாது என்பதை. பார்க்க வந்தவர்களெல்லாம் அம்மாவை எழுப்பி உட்கார வைக்க அந்த வலது கையைத்தான் பிடித்து இழுத்தார்கள். தசை தளர்ந்த கையை இழுத்தால் தோள்பட்டை மூட்டு இறங்கிவிடும். பிறகு அந்த வலியே பயிற்சிக்குத் தடை. தூக்குகிறவர் இடுப்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வரும். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார வைத்தே தீர வேண்டும். விழுங்கும் தசையும் பலவீனமாகியிருக்கும் என்பதால் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். குடிக்கும்போது இருமினாலோ குரல் கரகரத்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புறா ரத்தம் தடவினால் சரியாகிவிடும் என்றார் ஓர் உறவினர். மைனி அவரைக் காபி கொடுத்து அனுப்பி வைத்தாள்.

நைட்டி போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இது தெரிந்த பிறகு அம்மாவே பாதி உடுத்தத் தொடங்கினார். நேரம் ஆகும். நான் போட்டுவிட்டால் ஒரு நிமிடத்தில் முடியும். அந்த அவசரத்தைத்தான் அடக்க வேண்டியிருந்தது. பயன்படாத கையை மூளை மெல்ல மெல்லக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறது. நல்ல கையால் எல்லாம் நடந்துவிட்டால், அல்லது நாமே எல்லாம் செய்துவிட்டால், மிச்சமிருக்கும் அசைவும் வீணாகும். திரும்பத் திரும்பச் செய்யும் வேலைதான் அடிபடாத பகுதிகளில் புதிய இணைப்புகளை உண்டாக்குகிறது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு குறையுமே தவிர, நின்றுவிடாது.

"அம்மாவுக்கு என்ன வேலை பழக்கம்?" என்று பிசியோ தம்பி கேட்டார். பூக்கட்டு என்றதும், பந்தை அமுக்கும் பயிற்சியோடு பூவையும் சேர்த்துக்கொண்டார். தாம்பாளத்திலிருந்து அரளியை வலது கையால் எடுத்துக் கிண்ணத்தில் போடுவதுதான் தொடக்கம். பாதிப்பூ தரையில் விழும். பக்கத்து வீட்டு அத்தை பொறுக்க மாட்டாமல், "பாவம்லா, அவள ஏன் போட்டு இந்தப் பாடு படுத்துத?" என்று என்னைத் திட்டினார்.

அந்த நேரத்தில் எனக்குத் துணையாக இருந்தது எப்போதோ படித்த ஒரு குடும்பத்தின் கதை. நியூயார்க்கில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பேத்ரோ பாக்-இ-ரீதாவுக்கு 1959-ல் பக்கவாதம் வந்தது. பாதி உடல் அசையவில்லை, பேச்சில்லை. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ், தந்தையை மெக்சிகோவுக்கு அழைத்துப் போய்த் தவழப் பழக்கினார். வயதான பேராசிரியரை இப்படிச் செய்வதா என்று அக்கம்பக்கத்தினர் முகம் சுளித்தார்கள். பேத்ரோ மறுபடி வகுப்பறைக்குப் போனார். 1965-ல் மலையேறும்போது மாரடைப்பில் இறந்தார். மூளையைப் பரிசோதித்தபோது பெருஞ்சேதம் அப்படியே இருந்தது. வேறொரு மகனான பால், மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் திறனைத் தன் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார்.

எல்லோருக்கும் அவ்வளவு திரும்பாது. அம்மாவுக்கும் திரும்பவில்லை. ஆனால் பூ வேறொன்றையும் கொண்டுவந்தது. "தண்ணி" என்று சொல்ல முடியாத அம்மா, பூவை எடுத்து வைக்கும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணத் தொடங்கினார். பேச்சு போனவர்களிடமும் எண்ணிக்கை, பிரார்த்தனை, பழகிய பாட்டு ஆகியவை தங்கியிருக்கலாம். பேச்சுப் பயிற்சியாளர் அங்கிருந்துதான் தொடங்கினார். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல அம்மாவிடம் கத்தியவர்களை நான் நிறுத்தச் சொன்னேன். அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது. ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் போதும்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பாட்டை ஒதுக்கி, பயிற்சிக்கும் வராமல் கிடந்தால், அது பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். அதற்கும் மருந்துண்டு.

இன்னொரு முறை தாக்காமல் இருக்க ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவே கூடாது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரையோடு, வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வருகிறவரிடம் வீட்டாருக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரவு அண்ணனுடையது, பகல் மைனிக்கும் எனக்கும். அம்மா இப்போது வாழைநாரை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிச்சிப்பூவை வைக்கிறார். முடிச்சு இன்னும் இறுகுவதில்லை, அதற்குத்தான் இந்த மாதப் பயிற்சி.